ரீஃப் தொட்டிக்கு மீடியா ரியாக்டர்: ஆர்.ஓ. ஹவுசிங்கில் நீங்களே செய்யலாம்

கேள்வி இது: பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி, அதாவது ரீஃப் தொட்டி. சம்ப்பையும் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) சேர்த்து 300 லிட்டர் நீர். பாஸ்பேட் 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மி.கி.). பாறை முழுக்க முடிப்பாசி. பாஸ்பேட்டைப் பிடிக்கும் மீடியாவான, ஜி.எஃப்.ஓ. எனப்படும் இரும்பு ஆக்சைடு குறுமணிகளை வலைப்பையில் கட்டி சம்ப்பில் போட்டுப் பார்த்தும் பலன் போதவில்லை. மீடியாவின் ஊடாக நீரை ஓடவிடும் குடுவையான ரியாக்டரைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்ய முடியுமா? எந்தக் குழாய், எந்தப் பம்பு, எவ்வளவு மீடியா?

தாராளமாகச் செய்யலாம். ஒரு மாலை நேர வேலை, பசை காய ஒரு நாள், அவ்வளவுதான். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் குடுவை செய்வது சுலபமான பாதி. மீடியாவின் அளவையும் நீரோட்டத்தையும் அடக்கி வைப்பதுதான் கடினமான பாதி. பவளங்களை இழப்பவர்கள் பெரும்பாலும் குடுவை கசிந்து இழப்பதில்லை. குடுவை மிக நன்றாக வேலை செய்து, பாஸ்பேட் இரண்டே நாளில் தரைதட்டுவதால்தான் இழக்கிறார்கள்.

பை ஏன் தோற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் ரியாக்டரின் அமைப்பு தானாகவே விளங்கும். நீர் எப்போதும் தடை குறைந்த வழியில் போகும். சம்ப்பில் கிடக்கும் பைக்குள் நுழைவதைவிட அதைச் சுற்றிக்கொண்டு போவது எளிது. அதனால் பையின் வெளிப்புறத்தில் உள்ள மணிகள் மட்டும் வேலை செய்யும், நடுவில் உள்ளவை நீர் மாறாமல் கிடக்கும். சில நாட்களில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் மிச்சமிருந்த ஓட்டமும் நின்றுவிடும். ரியாக்டரில் நீருக்கு வேறு வழியே கிடையாது. கீழிருந்து மேலே, மீடியாவின் ஊடாகத்தான் போயாக வேண்டும். அப்படிப் போகும்போது மணிகளை மெல்ல அசைத்துக்கொண்டே போவதால் அவை ஒட்டவும் முடியாது.

குடுவைக்கு அக்ரிலிக் குழாயைத் தேடி அலைய வேண்டாம். ஆர்.ஓ. உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 10 அங்குல ப்ரீ-ஃபில்டர் ஹவுசிங், கண்ணாடி போல உள்ளே தெரியும் வகை, இதற்குக் கனகச்சிதம். மரை, ஓ-ரிங், மூடி எல்லாம் தொழிற்சாலையிலேயே அளவாகச் செய்யப்பட்டிருக்கும். கையால் செய்யும் அக்ரிலிக் ரியாக்டர்களில் கசிவது பெரும்பாலும் மூடியும் அடித்தட்டும்தான். ஹவுசிங் எடுத்தால் அந்த இரண்டு தலைவலியும் இல்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். நீர் நுழையும், வெளியேறும் துளைகள் அரை அங்குல மரையாக இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் வருகிற கால் அங்குலத் துளையின் வழியே சின்னப் பம்பு தள்ளும் நீர் போதாது. அடுத்து, அந்த மரைக்குள் பித்தளை வளையம் பதித்த ஹவுசிங்குகள் உண்டு. குடிநீருக்கு அது நல்லது, ரீஃபுக்கு விஷம். உப்புநீரில் பித்தளை கரைந்து செம்பு வெளியேறும். இறால், நத்தை, பவளம் எதுவும் செம்பைத் தாங்காது. முழுக்கப் பிளாஸ்டிக் மரையாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவது, மூடியின் உச்சியில் காற்று வெளியேற்றும் சிவப்புப் பட்டன். அதற்குள் உலோக ஸ்பிரிங் இருந்தால் துருப்பிடிக்கும். பட்டன் இல்லாத மூடி கிடைத்தால் அதுவே மேல். ஹவுசிங்கோடு அதைத் திருகும் பிளாஸ்டிக் ஸ்பேனரையும் கேட்டு வாங்குங்கள். சில வாரம் உப்புநீரில் நின்ற மூடியை வெறும் கையால் திறப்பது பாடு.

இப்போது முக்கியமான சூட்சுமம். இந்த ஹவுசிங்கில் சாதாரணமாக நீர் 'இன்' வழியே நுழைந்து, வெளிச்சுவரை ஒட்டி இறங்கி, கேட்ரிட்ஜைத் துளைத்து நடுவுக்கு வந்து, 'அவுட்' வழியே போகும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பம்பை 'அவுட்' பக்கம் இணையுங்கள். நீர் நடுக்குழாயில் இறங்கி, அடியில் பரவி, மீடியாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, 'இன்' துளை வழியே சம்ப்புக்குத் திரும்பும். மூடியில் அச்சிட்ட அம்புக்குறியை நம்பி இணைத்தால் நீர் மேலிருந்து கீழே அழுத்தும். மீடியா அடியில் இறுகிப் பாறையாகிவிடும்.

நடுக்குழாயை நீங்கள் செய்ய வேண்டும். முக்கால் அல்லது ஒரு அங்குலத் தடித்த பி.வி.சி. குழாயில், உங்கள் ஹவுசிங்கில் பொருந்தும் கேட்ரிட்ஜின் உயரத்துக்கு ஒரு துண்டு. அது ஏறக்குறைய 250 மி.மீ. இருக்கும். ஒரு கேட்ரிட்ஜை வைத்து அளந்தே வெட்டுங்கள், ஏனென்றால் ஓரிரு மி.மீ. குறைந்தாலும் மேலே இடைவெளி விழும். மூடியின் அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றி ஒரு மேடான வளையம் தெரியும். கேட்ரிட்ஜின் தலை அதில்தான் அழுந்தி உட்காரும். வெறும் குழாயின் விளிம்பு அந்த வளையத்தில் சரியாக உட்காராது. அதனால் 5 மி.மீ. பி.வி.சி. ஷீட்டில், அந்த வளையத்தைவிடச் சுற்றிலும் 4, 5 மி.மீ. பெரிதாக ஒரு வட்டம் வெட்டி, நடுவில் குழாயின் உள்விட்டத்துக்குத் துளையிட்டு, குழாயின் மேல்முனையில் பி.வி.சி. சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் ஒரு ரப்பர் வாஷர். இதற்குக் கடையில் தேட வேண்டாம். தூக்கிப்போடும் பழைய கார்பன் பிளாக் கேட்ரிட்ஜின் தலையில் இதே அளவில் ஒன்று இருக்கும், உரித்து எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். குழாயோடு ஒட்டும் வட்டம் மிகப் பெரிதாகிவிட்டால் நீர் வெளியேறும் இடமும் மீடியா கொட்டும் இடமும் அடைபடும். குடுவைச் சுவருக்கும் வட்டத்துக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

அடிமுனையில், கடைசி 25 மி.மீ.க்குள் குழாயைச் சுற்றி 6 மி.மீ. துளைகள் எட்டு முதல் பத்து போடுங்கள். குழாய் குடுவையின் அடியில் உட்கார்ந்தாலும் இந்தத் துளைகள் வழியே நீர் வெளியேறும். அடியிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் இன்னொரு பி.வி.சி. வட்டத்தைக் குழாயில் மாட்டி ஒட்டுங்கள். இது குடுவையின் உள்விட்டத்தை ஏறத்தாழ நிரப்ப வேண்டும். குடுவை அடிப்பக்கம் சற்றே குறுகும் என்பதால் அந்த உயரத்தில் அளந்து வெட்டுங்கள். இந்த வட்டம் முழுக்க 3 மி.மீ. துளைகள், எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு. நீர் ஓரிடத்தில் மட்டும் பீறிட்டால் மீடியாவில் அங்கே ஒரு சுரங்கம் உண்டாகி, மற்ற பகுதி அசையாமல் கிடக்கும். இப்போது உங்கள் கையில் இருப்பது நூல் சுற்றும் கண்டு போல, இரண்டு பக்கமும் தட்டு வைத்த ஒரு குழாய். பசை காய 24 மணி நேரம் விடுங்கள்.

அடித்தட்டின் மேல் 25 மி.மீ. தடிமனுள்ள ஃபில்டர் ஸ்பாஞ்சை வளைய வடிவில் வெட்டிப் பொருத்துங்கள். குடுவையின் உள்விட்டத்தைவிட 4 மி.மீ. பெரிதாக வெட்டினால் ஓரத்தில் நெருக்கி நிற்கும், மணிகள் கீழே நழுவாது. இதே போல் இன்னொன்று மேலே. அதை ஒரு பக்கம் கீறிக் குழாயைச் சுற்றி மாட்டலாம். கரடான துளையுள்ள ஸ்பாஞ்சே போதும். மிக நுண்ணியது ஒரு வாரத்தில் கசடு பிடித்து அடைத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், கிருமிநாசினி சேர்த்த வகைகள் உண்டு.

பம்பு விஷயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடுவையின் உள்விட்டம் சுமார் 70 மி.மீ., நடுக்குழாயின் வெளிவிட்டம் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நீர் மேலேறும் பரப்பு 32 சதுர செ.மீ. மணிக்கு 100 லிட்டர் ஓடினால் நீர் நொடிக்கு ஏறக்குறைய 0.9 செ.மீ. வேகத்தில் ஏறும். 200 லிட்டர் ஓடினால் 1.7 செ.மீ. ஜி.எஃப்.ஓ. மணிகள் மெல்ல மிதந்தாட இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டமே போதும். ஆக, மணிக்கு 150 லிட்டர். ஆனால் பெட்டியில் 150 என்று எழுதிய பம்பை வாங்கினால் ஏமாறுவீர்கள். அந்த எண் எந்த உயரமும் தடையும் இல்லாதபோது வருவது. ஸ்பாஞ்ச், குழாய் வளைவு, வால்வு, ஒரு முழ உயரம் எல்லாம் சேர்ந்தால் அது பெரிதும் சுருங்கும். 800 முதல் 1000 லிட்டர் என்று எழுதிய, ஒரு மீட்டருக்கு மேல் நீரை ஏற்றக்கூடிய சிறிய பம்பை எடுத்து வால்வால் அடக்குவதே வழி. பீங்கான் தண்டு உள்ள மீன்தொட்டிப் பம்பாக இருக்கட்டும். ஏர் கூலர் பம்பு மலிவுதான், ஆனால் அதன் உலோகத் தண்டு உப்புநீரில் துருப்பிடிக்கும்.

வால்வைப் பம்புக்கும் குடுவைக்கும் நடுவே வையுங்கள். வெளியேறும் பக்கம் வைத்தால் மீடியாவிலிருந்து வரும் தூளும் சுண்ணப் படிவும் அதில் சேர்ந்து, ஓட்டம் நாளுக்கு நாள் தானாகக் குறையும். அரை அங்குலப் பிளாஸ்டிக் பால் வால்வு வேலைக்கு ஆகும். நுணுக்கமாகத் திருப்ப முடிகிற வால்வு கிடைத்தால் இன்னும் வசதி. இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக் நிப்பிளும் 12 மி.மீ. ஹோஸும். மரையில் டெஃப்லான் டேப் எட்டு, பத்துச் சுற்று, கையால் இறுக்கிய பின் ஸ்பேனரில் அரைச் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் மூடியின் துளையில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, மறுநாள் தரை ஈரமாக இருக்கும். ஹோஸைப் பிடிக்க உலோகக் கிளிப் வேண்டாம், கேபிள் டை போதும். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு தடவுங்கள். வாஸ்லின் சில வகை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

எங்கே வைப்பது? சம்ப்புக்குள்ளேயே, அல்லது கசிந்தால் நீர் சம்ப்பிலேயே விழும்படி அதன் விளிம்பின் மேல். இதில் அழகு பார்க்காதீர்கள். பம்பு, ஃபில்டர் சாக்ஸுக்கும் (அழுக்கை வடிக்கும் துணிப்பை) ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) அடுத்த அறையில் நிற்கட்டும். அழுக்குநீரை எடுத்தால் அடி ஸ்பாஞ்ச் வடிகட்டியாக மாறி அடைத்துக்கொள்ளும். பம்பின் வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். வயரில் வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்கான இணைப்பில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், ரியாக்டருக்கு முன்பு அதைப் போடுங்கள்.

மீடியா போடாமல் ஒரு வாளி நன்னீரில் ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். கசிவு தெரியும், பசை வாடையும் போகும். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இனி மீடியா. 300 லிட்டருக்கு எவ்வளவு என்பதைப் பாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்பது பரவலான கணக்கு. அது உச்ச அளவு, தொடக்க அளவு அல்ல. நீங்கள் 75 கிராமில் தொடங்குங்கள், அதாவது லிட்டருக்குக் கால் கிராம். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம். உலர்ந்த வகை இலேசாக இருக்கும், ஈரமாக விற்கும் வகை கனமாக இருக்கும், ஒரே கப்பில் எடை இரட்டிப்பாக மாறலாம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கொட்டியதும் நேராகத் தொட்டியோடு இணைத்துவிடாதீர்கள். வெளியேறும் ஹோஸை ஒரு வாளியில் விட்டு, பம்பை ஆர்.ஓ. நீரில் வைத்து, செங்காவி நிறம் போய்த் தெளிவாக வரும் வரை கழுவுங்கள். 5 முதல் 10 லிட்டர் பிடிக்கும். மணிகளைக் கையால் பிசைந்து கழுவினால் இன்னும் தூளாகும், கழுவிக்கொண்டே இருப்பீர்கள். குழாய்நீரிலும் போர்நீரிலும் கழுவ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: ஜி.எஃப்.ஓ. பாஸ்பேட்டை மட்டுமல்ல, சிலிக்கேட்டையும் பிடிக்கும். உப்பு கலக்கும் நீரிலேயே சிலிக்கேட் இருந்தால் உங்கள் மீடியாவின் பாதி உழைப்பு அதற்கே போய்விடும். ஆர்.ஓ.வுக்குப் பின் டி.ஐ. ரெசின் (மிச்சமுள்ள அயனிகளை நீக்கும் மணிகள்) இல்லாதவர்கள் 'மீடியா சீக்கிரம் தீர்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

தொட்டியில் இணைத்ததும் வால்வை முழுக்க மூடி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். குடுவையைச் சாய்த்துத் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மீடியாவின் மேற்பரப்பு மட்டும் மெதுவாகப் புரள வேண்டும், கஞ்சி கொதிப்பது போல் முழுவதும் குமுறக் கூடாது. குமுறினால் மணிகள் ஒன்றையொன்று அரைத்துத் தூளாகித் தொட்டிக்குள் போகும். மீடியாவின் மேற்பரப்புக்கும் மேல் ஸ்பாஞ்சுக்கும் நடுவே நாலைந்து செ.மீ. காலியாக இருக்கட்டும். ஓட்டத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஒரு லிட்டர் ஜாடியும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சும் போதும். ஜாடி நிரம்ப 36 நொடி ஆனால் மணிக்கு 100 லிட்டர், 24 நொடி ஆனால் 150, 18 நொடி ஆனால் 200.

வால்வை முழுக்கத் திறந்தும் மீடியா அசையவே இல்லை, ஆனால் வெளியே நீர் நன்றாக வருகிறது என்றால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். நடுக்குழாயின் தலை மூடியில் சரியாக அழுந்தவில்லை. நீர் கீழே இறங்காமல் மேலேயே குறுக்கு வழியில் வெளியேறுகிறது. வாஷர் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும். வெளியேறும் நீரும் குறைந்து, மீடியாவும் அசையாவிட்டால் அடி ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறது.

அளவிடும் கருவியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் 0.03க்கும் 0.10க்கும் இடையே முடிவெடுக்கப் போகிறோம். ஹன்னா நிறுவனத்தின் பாஸ்பேட் மீட்டர்களில் எச்.ஐ. 713 மாடலின் பிழை அளவே 0.04 பி.பி.எம். அது 0.05 என்று காட்டினால் உண்மையில் 0.01 ஆகவும் இருக்கலாம், 0.09 ஆகவும் இருக்கலாம். மிகக் குறைந்த அளவுக்கான எச்.ஐ. 736 நல்லது. ஆனால் அது பாஸ்பரஸை பி.பி.பி.யில் (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கினால் பாஸ்பேட். 26 காட்டினால் ஏறக்குறைய 80 பி.பி.பி., அதாவது 0.08 பி.பி.எம். பெருக்க மறந்து '26 தானே, 0.026' என்று நினைத்து ஜி.எஃப்.ஓ.வை நிறுத்துபவர்களும் உண்டு, எச்.ஐ. 774இல் வந்த எண்ணையும் பெருக்கிப் பீதியடைபவர்களும் உண்டு. அந்த 774 நேராகவே பாஸ்பேட்டைக் காட்டும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் பாஸ்பேட் பாதிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது என் வரம்பு. 0.25 முதல் வாரத்தில் 0.15க்கு வந்தால் மகிழ்ச்சி. மூன்றே நாளில் 0.08க்கு வந்துவிட்டால் ஓட்டத்தைக் குறைத்துப் பயனில்லை, மீடியாவில் பாதியை வெளியே எடுங்கள். அதிகப் பாஸ்பேட்டில் பழகிய பவளத்துக்கு அளவைவிட வேகமே அதிர்ச்சி. அக்ரோபோரா போன்ற எஸ்.பி.எஸ். (சிறு பாலிப் கொண்ட கல்பவளம்) வகைகளில் அடியிலிருந்தோ நுனியிலிருந்தோ சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கினால், பெரும்பாலும் முந்திய வாரத்தில் போட்ட புது மீடியாதான் காரணம். எங்கே நிறுத்துவது என்றால், 0.03க்கும் 0.10க்கும் இடையே எங்காவது. பூஜ்யம் இலக்கு அல்ல. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சேர்ந்து பூஜ்யமானால் முடிப்பாசி போய் டைனோஃபிளாஜெல்லேட் வரும். குமிழி தொங்கும் பழுப்புச் சளி போன்ற அதைப் பார்த்தவர்கள் முடிப்பாசியையே திரும்பக் கேட்பார்கள்.

இறங்கிய பாஸ்பேட் இரண்டு நாளில் மறுபடி ஏறினால் மீடியா போலி என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் தொட்டி நீரில் இருப்பது 300 லிட்டர் பெருக்கல் 0.25, அதாவது 75 மி.கி. பாஸ்பேட் மட்டும். பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். நீரில் அதிகமாக இருந்த காலம் முழுக்க அவை பாஸ்பேட்டை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும், நீரில் குறைந்ததும் திருப்பி விடும். அந்தச் சேமிப்பு நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. தீனியையும் சேர்த்துப் பாருங்கள். உலர் மீன்தீனியில் பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதம். ஒரு கிராம் தீனியில் 10 மி.கி. பாஸ்பரஸ், அது 30 மி.கி. பாஸ்பேட்டுக்குச் சமம். தினமும் இரண்டு கிராம் போட்டால் 60 மி.கி. இன்று உங்கள் நீரில் உள்ள மொத்த அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு! இதில் ஒரு பகுதி மீனின் உடம்புக்கும் ஸ்கிம்மருக்கும் போகும் என்றாலும், மீதி தினமும் வந்துகொண்டே இருக்கும். அதனால் பாறை காலியாகும் வரை முதல் இரண்டு, மூன்று முறை மீடியா ஒரு வாரம், பத்து நாளிலேயே தீரலாம். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும். தீர்ந்ததா என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டி நீரையும் ரியாக்டரிலிருந்து வெளியேறும் நீரையும் ஒரே நேரத்தில் அளங்கள். இரண்டும் ஒன்றானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போதும் பழைய எடையையே போடுங்கள். தேவைப்பட்டால் 150 கிராம் வரை போகலாம். 300 லிட்டர் தொட்டிக்கு அதற்கு மேல் வேண்டியிருந்தால் குறை தீனியிலோ ஸ்கிம்மரிலோ இருக்கிறது.

மீடியா கட்டியாவது இன்னொரு புகார். ஓட்டம் குறைவு ஒரு காரணம். மற்றது ஆல்கலினிட்டி, அதாவது டி.கே.எச். அலகில் அளக்கும் நீரின் கார்பனேட் அளவு. ஜி.எஃப்.ஓ. மணிகளின் பரப்பில் கால்சியம் கார்பனேட் எளிதாகப் படியும். ஆல்கலினிட்டி 10 டி.கே.எச்.சைத் தாண்டிய தொட்டிகளில், பி.எச்.சும் உயர்ந்திருந்தால், குடுவைக்குள் மணிகள் சிமென்ட் போட்டது போல் இறுகும். கூடவே தொட்டியின் ஆல்கலினிட்டியும் காரணம் தெரியாமல் சரியும். 7.5 முதல் 8.5க்குள் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை பம்பை நிறுத்தி, குடுவையைச் சுற்றித் தட்டி அசைத்து, முதலில் வரும் கலங்கல் நீரை வாளியில் பிடித்துக் கொட்டுங்கள். முழுக்க இறுகிவிட்டதை உடைத்து மறுபடி பயன்படுத்த முயல வேண்டாம்.

இதே குடுவையில் ஆக்டிவேட்டட் கார்பனும் போடலாமா என்றால், தனியாகப் போடலாம், கலந்து வேண்டாம். கார்பன் அசையாமல் இரண்டு ஸ்பாஞ்சுக்கும் நடுவே நெருக்கமாக நிற்க வேண்டும். ஜி.எஃப்.ஓ. ஆட வேண்டும். இரண்டையும் கலந்தால் கார்பன் மணி ஜி.எஃப்.ஓ.வை அரைக்கும். இரண்டு ஹவுசிங்கைத் தொடராக இணைத்து, முதலில் கார்பன், அடுத்து ஜி.எஃப்.ஓ. என்று வைப்பது நல்ல ஏற்பாடு. கரிமப் பொருட்களை முதலிலேயே கார்பன் பிடித்துவிடுவதால் இரும்பு மணிகள் பூசப்படாமல் இருக்கும். கார்பன் லிட்டருக்கு அரை முதல் ஒரு மி.லி., உங்களுக்கு 150 முதல் 300 மி.லி., மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மாற்றினால் போதும்.

எந்தக் கார்பன் என்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டைக் கார்பன். அதன் துளைகள் மிக நுண்ணியவை, குடிநீரில் குளோரின் நீக்க அருமையானது. தொட்டி நீரை மஞ்சளாக்கும் பெரிய கரிம மூலக்கூறுகளுக்கு அந்தத் துளைகள் சிறியவை. நிலக்கரியில் செய்தது அவற்றை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மென்மையான லிக்னைட் வகையின் தூளில் கவனம் வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னைட் கார்பன் ஓடிய தொட்டியில் இருந்த சர்ஜன் (டேங்) மீன்களுக்குத் தலையிலும் பக்கக்கோட்டிலும் கடுமையான தோல் அரிப்பு வந்தது, கடினமான உருளைக் கார்பன் ஓடிய தொட்டியில் அது குறைவாக இருந்தது, கார்பனே இல்லாத தொட்டியில் வரவில்லை. டேங் மீன் வைத்திருப்பவர்கள் கடினமான, தூள் உதிராத வகையை எடுத்து, நன்றாகக் கழுவி, அசையாமல் வைப்பது நல்லது. கார்பனே பாஸ்பேட்டை விடுகிறதா என்று பார்க்க, ஒரு கரண்டியை ஒரு டம்ளர் ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் ஊறவைத்து அந்த நீரை அளந்துவிடுங்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் பதப்படுத்திய மலிவுக் கார்பன் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளை மணிகளாக வரும் அலுமினியம் ஆக்சைடும் பாஸ்பேட்டை இழுக்கும், ஆனால் லெதர் எனும் மென்பவளங்கள் சுருங்குவது அதில் அடிக்கடி கேள்விப்படுவது. ஆடவிட்டால் தூளாகவும் செய்யும். பாக்டீரியாவுக்கு உணவாகும் பிளாஸ்டிக் மணிகளான பயோபெல்லட்டுக்கு இந்தக் குடுவை சரிப்படாது. அதற்குப் பல மடங்கு ஓட்டமும் ஸ்கிம்மர் வாயருகே திரும்பும் ஹோஸும் வேண்டும்.

மின்வெட்டைக் கணக்கில் எடுங்கள். பம்பு நின்றால் மீடியா படியும், குடுவைக்குள் நீர் தேங்கும். ஒரு மணி நேரம் பரவாயில்லை. ஐந்தாறு மணி நேரம் நின்றால் உள்ளே உள்ள பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கரண்ட் வந்ததும் அந்த நீர் முழுக்கத் தொட்டிக்குப் போகும். நீண்ட வெட்டுக்குப் பின் வெளியேறும் ஹோஸைச் சில நிமிடம் வாளியில் விட்டு, முதல் இரண்டு லிட்டரைக் கொட்டிவிட்டு இணையுங்கள். முட்டை அழுகிய வாடை அடித்தால் மீடியாவையே மாற்றிவிடுங்கள். வெளியூர் போகும்போது, வீட்டில் இதைச் செய்ய ஆள் இல்லையென்றால், ரியாக்டரை நிறுத்திக் காலிசெய்துவிட்டுப் போவதே பாதுகாப்பு. ஒரு வாரம் பாஸ்பேட் ஏறுவதால் பவளம் சாகாது.

முடிப்பாசி உடனே மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாசி பாறையின் பரப்பிலேயே வேர்விட்டது போல் ஒட்டி, பாறை விடும் பாஸ்பேட்டை அங்கேயே உறிஞ்சும். மீட்டரில் 0.06 வந்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். நீர் மாற்றும் நாளில் கையால் பிடுங்கி, உதிர்வதைச் சைஃபனால் உறிஞ்சி எடுங்கள். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைப்பது குட்டையாகவும் வெளிறியும் இருந்தால் பாறை காலியாகிக்கொண்டிருக்கிறது. அப்போது மீடியாவைக் கூட்டாமல் அதே எடையில் தொடருங்கள்.